ஃபிரிட்ஜ்காரரின் டிரஸ்டும் கோணல் தரையும்

என் வீட்டுக்காரரைத் தெருவில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஃபிரிட்ஜ்காரர் என்பார்கள். கீழே ரிப்பேர் கடை, மேலே வீடு. அந்தக் கணக்கில் நான் ஃபிரிட்ஜ்காரம்மா. எனக்கு ஃபிரிட்ஜைத் திறக்கவும் மூடவும் மட்டும்தான் தெரியும். அதையும் ஒழுங்காகச் செய்வதில்லை, ரொம்ப நேரம் திறந்து வைக்கிறேன் என்று கல்யாணமான நாள் முதல் திட்டு வாங்கியவள்.

எங்கள் அப்பா வீட்டு ஃபிரிட்ஜைச் சரிபண்ண வந்தவர்தான் அவர். வந்தவர் எதையும் கழற்றவில்லை. ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ஆள் தூங்கிவிட்டாரோ என்று நான் அம்மாவைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து கோளாறு இன்னது என்று சொன்னார். பிரித்துப் பார்த்தால் அதுவேதான். வேலை முடிந்ததும் டீ கொண்டுபோய் நீட்டினேன். "கஸ்டமர் வீட்ல எதுவும் குடிக்கிறதில்லைங்க" என்றார். டீ குடித்தால் பேச்சு வளரும், பேச்சு வளர்ந்தால் அப்படியே மிக்ஸியையும் சும்மா பார்த்துக் கொடு என்பார்கள் என்று அவருக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் சொல்லி வைத்திருந்தாராம். எனக்கு அப்போதே கோபம் வந்துவிட்டது. போட்ட டீயை நான் என்ன செய்வது? நீட்டிய கையை மடக்காமல் அப்படியே நின்றேன். என் முகத்தைப் பார்த்தார். "சரி, குடுங்க" என்று வாங்கிக்கொண்டார். அந்த ஒரு டீயால் அவர் பட்ட பாட்டைத் தெருவே பார்த்திருக்கிறது.

கடைக்கு மேல் வீடு கட்டியபோது மேஸ்திரியை நம்பாமல் சமையலறைத் தரையை அவரே பக்கத்தில் நின்று போட வைத்தார். தரை ஜன்னல் பக்கமாகச் சாய்ந்துவிட்டது. எலுமிச்சம்பழம் கை தவறி விழுந்தால் ஜன்னலடியில் போய்த்தான் நிற்கும். "தரை கோணலா இருக்குங்க" என்றேன். "தரை நேராத்தான் இருக்கு, நீ பாக்கறதுதான் கோணல்" என்றார். கம்ப்ரசருக்குள் ஒரு திருகு தளர்ந்தால் கண்டுபிடிக்கிற மனுஷனுக்கு உருண்டு ஓடுகிற எலுமிச்சம்பழம் மட்டும் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. எங்கள் குடும்ப வாழ்க்கையில் பெரிய சண்டை என்று பார்த்தால் அது ஒன்றுதான். அதை நாங்கள் விடாமல் நடத்தி வந்தோம்.

அவருடைய அப்பா எதையும் எழுதி வைக்காமல் போய்ச் சேர்ந்தார். அண்ணன், தங்கை, இவர் என்று மூன்று பேரும் கோர்ட்டு படி ஏறினார்கள். வழக்கு முடிகிறவரை மாமனார் வீட்டைக் கோர்ட்டு ஆட்கள் பூட்டிச் சீல் வைத்தார்கள். உள்ளே இருந்த ஃபிரிட்ஜைக் காலி பண்ண வேண்டும் என்று மூன்று பேரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. வருஷக்கணக்கில் வழக்கு நடந்து கடைசியில் வீட்டைத் திறந்தபோது, "நீதானே ஃபிரிட்ஜ்காரன், நீயே திற" என்று மற்ற இரண்டு பேரும் வாசலிலேயே நின்றுகொண்டார்கள். இவர் மூக்கைக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். என்ன பார்த்தார் என்று இன்றுவரை சொன்னதில்லை. வெளியே வந்ததும் நேராக வக்கீல் வீட்டுக்குப் போனார்.

வக்கீல் எங்கள் பழைய கஸ்டமர். நல்ல மனுஷன், ஆனால் எதைக் கேட்டாலும் பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் பதில் சொல்வார். உயில் எழுதலாம், இல்லையென்றால் உயிரோடு இருக்கும்போதே ஒரு குடும்ப டிரஸ்ட் ஏற்படுத்தலாம் என்றார். எனக்கு டிரஸ்ட் என்றால் பள்ளிக்கூடமும் இலவசக் கண் சிகிச்சையும்தான். "நம்ம ரெண்டு ரூம்ல என்ன ஆஸ்பத்திரியா நடத்தப் போறீங்க?" என்று கேட்டேன். வக்கீல் பெருமூச்சு விட்டார். வீட்டையும் கடையையும் டிரஸ்டின் பேருக்கு மாற்றிவிட வேண்டும். இருக்கிறவரை இவரே அதற்கு நிர்வாகி. இவர் போனாலோ, இவரால் முடியாமல் போனாலோ அடுத்த நிர்வாகியாக எங்கள் பெண் பொறுப்பேற்பாள். வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ நிர்வாகியின் கையெழுத்து இருந்தால் போதும். கோர்ட்டு பக்கமே போக வேண்டாம். கண் மூடுகிறவரை இந்த வீட்டில் இருக்க எனக்கு உரிமை உண்டு. இப்படி வக்கீல் விவரமாகச் சொன்னார். இவர் அதை எனக்குத் தமிழில் சொன்னார்: "உயில்ங்கறது ஃபிரிட்ஜ் நின்னுபோனப்புறம் ஆள் கூப்பிடறது. இது ஓடிட்டிருக்கும்போதே ஸ்டெபிலைசர் மாட்டறது. அவ்வளவுதான்."

எங்களுக்கு ஒரே பெண். படித்த படிப்பை ஓரமாக வைத்துவிட்டு அப்பாவோடு கடையில் உட்கார்ந்தவள். ஆகையால் அடுத்த நிர்வாகி யார் என்பதில் தகராறு இல்லை. "முடியாமல் போனால்" என்ற இடத்தில்தான் தகராறு வந்தது. இரண்டு டாக்டர்கள் பார்த்துவிட்டு எழுதிக் கொடுப்பதுதான் வழக்கம் என்றார் வக்கீல்.

"டாக்டர் என்ன கேப்பாரு?" என்றார் இவர்.

"இன்னிக்கு என்ன தேதி, என்ன கிழமை, ஆட்சியில யாரு இருக்கா, இந்த மாதிரி."

"தேதி எனக்கு முப்பது வயசுலயே தெரியாது. ஆட்சியில யாருன்னு எப்பவுமே தெரியாது. இதை வெச்சுப் பாத்தா என்னைக் கல்யாணத்துக்கு முன்னாடியே மாத்தியிருக்கணுமே."

"அப்ப எப்படித்தான் கண்டுபிடிக்கறது?"

"ஒரு ஃபிரிட்ஜை ஓடவிட்டு என் முன்னாடி வைங்க. கண்ணை மூடிக்கிட்டுக் கேப்பேன். பக்கத்துல ஒரு டம்ளர் டீ இருக்கட்டும். அது ஆறிப்போறதுக்குள்ள கோளாறு என்னன்னு சொல்லலைன்னா நான் லாயக்கில்ல. பாப்பா கையில சாவியைக் குடுத்துருங்க."

வக்கீல் மன்றாடிப் பார்த்தார். பத்திரத்தில் இப்படியெல்லாம் எழுதினால் பதிவு அலுவலகத்தில் சிரிப்பார்கள் என்றார். இவர் ஒற்றைக் காலில் நின்றார். சோதனையை வக்கீலும், தொழில் தெரிந்த இன்னொருவரும் சேர்ந்து நடத்த வேண்டும் என்று ஷரத்து எழுதப்பட்டது. இன்னொருவர் யார் என்றால் இவருடைய கூட்டாளி கம்ப்ரசர். ஆன் பண்ணினால் நிற்காமல் பேசுவார் என்பதால் அந்தப் பட்டம். நிர்வாகி தானாக விலகிக்கொள்வது என்றால் எழுத்தில் தர வேண்டும் என்று வக்கீல் போட்டிருந்ததையும் இவர் அடிக்கச் சொன்னார். "நான் எந்தக் கஸ்டமருக்கும் எழுதிக் குடுத்தது கிடையாது. அந்த ரெண்டு பேர் முன்னாடி வாயால சொன்னா சொன்னதுதான்." அதையும் அப்படியே எழுதினார்கள். அன்றைக்கு வக்கீல் விட்ட பெருமூச்சுக்குக் கணக்கில்லை.

பத்திரம் பதிவானதும் இவரைப் பிடிக்க முடியவில்லை. டிரஸ்ட் பேரில் ஸ்டிக்கர் அடித்து ஸ்கூட்டர், ஏணி, டூல்ஸ் பை, கேஸ் சிலிண்டர் எல்லாவற்றிலும் ஒட்டினார். அடுத்த முறை வீட்டு வரி வந்தபோது பார்த்தால் பழையபடி இவர் பேரில்தான் வந்திருக்கிறது. வக்கீலைக் கேட்டோம். டிரஸ்ட் ஏற்படுத்தியாயிற்றே தவிர வீட்டை அதன் பேருக்கு மாற்ற இவர் போகவே இல்லை. ஏணி குடும்பச் சொத்து, வீடு வெளியே நிற்கிறது. "ஃபிரிட்ஜை வாங்கி வெச்சுட்டு சாமானையெல்லாம் மேஜை மேல அழுக விட்டிருக்கீங்களே!" என்று நான் கத்தினேன். அது அவருக்குப் புரிந்தது. மறுநாளே போய் மாற்றிவிட்டு வந்தார்.

அப்புறம் நிர்வாகம் நடந்தது. வருஷத்துக்கு ஒரு முறை சாப்பாட்டு மேஜையில் கூட்டம். நிர்வாகி, நான், பெண். ஒழுகுகிற குழாயை மாற்றலாமா, வெள்ளை அடிக்கலாமா என்று நிர்வாகி சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு வந்து கேட்பார். சமையலறைத் தரையைச் சரிபண்ண வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் நான் தீர்மானம் கொண்டு வருவேன். நிர்வாகி அதை ஒவ்வொரு முறையும் தள்ளுபடி செய்வார். பெண் கொட்டாவி விடுவாள்.

இப்படியே போயிருந்தால் நான் இதைச் சொல்ல உட்கார்ந்திருக்க மாட்டேன்.

முதலில் எதிர்வீட்டு ஃபிரிட்ஜ். சரிபண்ணிவிட்டு வந்தவர் அடுத்த நாளும் போய்ச் சரிபண்ணினார். அதற்கடுத்த நாளும் போனார். எதிர்வீட்டம்மா தயங்கித் தயங்கி என்னிடம் வந்து, "நல்லாத்தாங்க ஓடுது, ஆனா அவர் வந்தா வேண்டாம்னு சொல்ல மனசு வரல" என்றாள். நான் சிரித்து மழுப்பினேன். பிறகு ஒரு நாள் டூல்ஸ் பையோடு எங்கள் வாசலிலேயே ரொம்ப நேரமாக நின்றுகொண்டிருந்தார். எங்கே போக வேண்டும் என்று யாராவது வந்து சொல்லட்டும் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. என்னைத் திட்டுவதையும் நிறுத்திவிட்டார். வேண்டுமென்றே ஃபிரிட்ஜைத் திறந்து போட்டுவிட்டு எதிரே நின்று பார்த்தேன். பேசாமல் மூடிவிட்டுப் போனார். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் பிடித்தது.

பக்கத்துக் கட்டடம் சோபாக் கடை. அதன் முதலாளிக்கு எங்கள் இடத்தின்மேல் ரொம்ப நாளாக ஒரு கண். இதையும் சேர்த்துக்கொண்டால் கடையைத் தெரு முனைவரை இழுத்துவிடலாம். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பார்க்கும்போதெல்லாம் கேட்பார், இவர் முடியாது என்பார், இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு போவார்கள். ஒரு நாள் மேலே ஏறி வந்து, "அம்மா, ஐயா நேத்து சரின்னுட்டாங்க. சந்தோஷம். நாளைக்கழிச்சு பத்திரத்தோட வரேன்" என்று கும்பிட்டார். நான் இவரைப் பார்த்தேன். இவர் சோபாக்காரரை, யாரோ விருந்தாளி வந்திருக்கிறார் என்பதுபோல மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெண் வக்கீலுக்கு ஃபோன் போட்டாள். நிர்வாகி அவர்தான், அவர் கையெழுத்துப் போட்டால் வீடு கைமாறிவிடும், அப்புறம் எனக்குள்ள உரிமைக்காக வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைய வேண்டியதுதான் என்றார் வக்கீல். டாக்டரிடம் காட்டிச் சீட்டு வாங்கலாமா என்றால், டாக்டர் வேண்டாம் என்று அடித்துவிட்டு எழுதிய பத்திரம் அது. "அவர் மாறணும்னா ஃபிரிட்ஜ் சோதனைதான் வழி. நான் அன்னிக்கே தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்" என்றார். சோபாக்காரர் வருவதற்கு முந்தின நாள் காலையில் சோதனை என்று முடிவாயிற்று.

நான் கம்ப்ரசரைத் தனியாகப் பிடித்தேன். "சத்தமே வராத புது மாடல் ஒண்ணு கொண்டாங்க. அவர் இதுவரைக்கும் தொட்டே பாத்திருக்கக் கூடாது. அதுலயும் சின்னதா ஏதாவது பண்ணி வைங்க, தெரியவே கூடாது."

"அண்ணி! அண்ணனைத் தோக்கடிக்கச் சொல்றீங்களா?"

"ஆமா. தோத்தாத்தான் அவருக்கு இருக்க வீடு இருக்கும்."

ஆயுளில் முதல் முறையாகக் கம்ப்ரசர் பேச்சு வராமல் நின்றதை அப்போதுதான் பார்த்தேன். சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அன்று காலையில் புது ஃபிரிட்ஜைச் சமையலறையில் கொண்டுவந்து வைத்து ஓடவிட்டார்கள். ஓடுகிறதா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை. வக்கீல் ஸ்டூலில் உட்கார்ந்தார். கம்ப்ரசர் சுவரோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் டீ போட்டு மேடையில் வைத்தேன். கீழே கடையில் இருந்தவரிடம் போய், "அப்பா, மேல ஒரு ஃபிரிட்ஜ் சத்தம் சரியில்ல, பாருங்க" என்று பெண் சொன்னாள்.

படியேறி வருகிற சத்தம் கேட்டது. பிறகு காலிங் பெல் அடித்தது.

அவர் வீட்டில் அவர் எதற்குப் பெல் அடிக்க வேண்டும்? கதவைத் திறந்தேன். செருப்பைக் கழற்றி, யார் காலிலும் தட்டாமல் சுவரோரமாக ஜோடி சேர்த்து வைத்திருந்தார். கஸ்டமர் வீடுகளில் அப்படித்தான் வைப்பார். எங்கள் வீட்டில் அது ஒன்று ஒரு பக்கம் ஒன்று ஒரு பக்கமாகக் கிடக்கும்.

"ஃபிரிட்ஜ் பாக்க வரச் சொன்னாங்கம்மா" என்றார் என்னிடம்.

பின்னால் படியில் நின்ற பெண் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். "வாங்க, உள்ள இருக்கு" என்றேன். வேறு என்ன சொல்வது?

ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் காதை வைத்தார். கண்ணை மூடினார். டீயில் ஆவி பறந்துகொண்டிருந்தது. தோற்க வேண்டும் என்று முந்தின நாள் முழுக்க வேண்டிக்கொண்டவள் நான். அவரோ அன்றைக்கு என் அப்பா வீட்டில் நின்ற அதே மாதிரி, வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு நிற்கிறார். டீயில் ஏடு கட்டிவிட்டது. சொல்லுங்களேன், சொல்லித் தொலைங்களேன் என்று மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். நான் யார் பக்கம் என்று எனக்கே தெரியவில்லை.

கண்ணைத் திறந்தார். "பின்பக்க ஃபேன்ல ஒயர் உரசுது. தானா வந்ததில்ல, யாரோ இழுத்து விட்டிருக்காங்க."

கம்ப்ரசர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். விரல் நுனியளவு இழுத்துவிட்டிருந்தாராம். "ஜெயிச்சுட்டார்" என்றார் வக்கீல், துக்கம் விசாரிக்கிற குரலில். டம்ளரைத் தொட்டுப் பார்த்தேன். இன்னும் வெதுவெதுப்பு இருந்தது. பத்திரப்படி அவரே நிர்வாகி. மறுநாள் சோபாக்காரர் பேனாவோடு வருவார், இவர் மரியாதையாக வாங்கிக் கையெழுத்துப் போடுவார்.

இவர் அதோடு விடவில்லை. ஃபிரிட்ஜை லேசாக ஆட்டிப் பார்த்தார். குனிந்து அடியில் பார்த்தார். "ஒரு கால் தரையில படல. ஃபிரிட்ஜ் மேல தப்பில்லம்மா. தரை ஜன்னல் பக்கமா இறங்குது பாருங்க. யாரு நின்னு போட்டதுன்னு தெரியல, மகா மோசமான வேலை."

இத்தனை வருஷச் சண்டையில் நான் ஜெயித்துவிட்டேன். ஜெயித்ததை யாரிடம் போய்ச் சொல்வது? என் எதிரி என்னை "அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டு எதிரே நிற்கிறார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. மேடையைத் துடைப்பதுபோலக் குனிந்து புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஒயரைச் சரிபண்ணினார். காலுக்கடியில் அட்டையை மடித்துச் சொருகினார். எல்லாக் கஸ்டமருக்கும் கடைசியில் சொல்கிற பாட்டை ஆரம்பித்தார்: சுவரை ஒட்டித் தள்ளாதீங்க, சூடா எதையும் உள்ள வைக்காதீங்க, ரொம்ப நேரம் திறந்து போடாதீங்க. பையை மூடினார். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டார்.

"இனிமே ஏதாவது சத்தம் வந்தா என்னைக் கூப்பிடாதீங்கம்மா. என் பொண்ணைக் கூப்பிடுங்க. எனக்கு இப்பல்லாம் மறந்து போயிடுது."

ஸ்டூல் கிறீச்சிட்டது. வக்கீல் எழுந்து நின்றிருந்தார். "ஃபிரிட்ஜ் வேலை மட்டும்தானா? வீடு, கடை, கையெழுத்து போடறது?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எல்லாமே இனிமே அவதான் சார் பாக்கணும். நான் விட்டுட்டேன். யாருக்கோ எதுக்கோ சரின்னு சொல்லிட்டு வந்துட்டேன் போல. யாருக்குன்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், வரமாட்டேங்குது. பயமா இருக்கு சார்."

வக்கீல் கம்ப்ரசரைப் பார்த்தார். கம்ப்ரசர் தலையை ஆட்டினார். இரண்டு பேர் முன்னிலையில் வாயால் சொன்னால் சொன்னதுதான். வக்கீல் பெருமூச்சு விடாமல் எழுத ஆரம்பித்தார்.

"இதை உங்க வீட்ல சொன்னீங்களா?" என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. வாய் சும்மா இருந்தால்தானே.

"இல்லம்மா. அவ திட்டுவா, அது பழகிடுச்சு. ஆனா அழுதான்னா நிறுத்தமாட்டா. அவ இருக்கறதுக்கு எல்லாம் எழுதி வெச்சிருக்கேன், அவளை யாரும் வெளிய போகச் சொல்ல முடியாது. நீங்க அவளைப் பாத்தா இதைச் சொல்லிடாதீங்க."

"சொல்லல" என்றேன்.

மறுநாள் சோபாக்காரர் வந்ததும், புது நிர்வாகி அவரை உட்கார வைத்து முடியாது என்று சொன்னதும், அவர் கும்பிட்டுவிட்டுப் போனதும் தனிக் கதை. அதைப் பெண் நன்றாகச் சொல்வாள். முதல் கூட்டத்திலேயே தரைத் தீர்மானத்தை எடுத்துக்கொண்டு, "மேஸ்திரியைக் கூப்பிடலாமா?" என்று கேட்டாள். வேண்டாம், அப்படியே கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

சோதனை நடந்த அன்றைக்கு, வக்கீல் எழுதி முடித்ததும் இவர் பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டார். மேடையில் டீ அப்படியே இருந்தது. எடுத்து நீட்டினேன்.

"கஸ்டமர் வீட்ல எதுவும் குடிக்கிறதில்லைங்க" என்றார்.

நான் கையை மடக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஆறிப்போச்சு. வேற போட்டுத் தரட்டுமா?" என்றேன்.

"பரவால்ல, குடுங்க" என்று வாங்கிக்கொண்டார்.